மலைக்கு அப்பால் என்ன?



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் செல்லும் பேருந்தில் குழந்தையைச் சன்னலோரம் அமர்த்திப் பாருங்கள். கரும்பு வயல்கள் பின்னோக்கி ஓடும். எதிரே கல்வராயன் மலை நீல நிறத்தில் நீண்டு கிடக்கும். சிறிது நேரம் வாய்மூடிப் பார்த்திருந்துவிட்டு, "அந்த மலைக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?" என்று குழந்தை கேட்கும். அக்கேள்வியை யாரும் அதற்குக் கற்றுக் கொடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்த மலையும், தெரியாத மறுபக்கமும் சேர்ந்து அதனைக் கேட்க வைக்கின்றன.

இன்று அதே பேருந்தில் பல குழந்தைகளின் கண்கள் சன்னலுக்கு வெளியே செல்வதில்லை. மடியிலுள்ள கைபேசியில் பதிந்து நிற்கின்றன. ஆகவேதான், "வீடியோ விளையாட்டு நல்லதா, கெட்டதா? பிள்ளையிடம் கொடுக்கலாமா, கூடாதா?" என்று பெற்றோர் பலரும் கேட்கின்றனர். நியாயமான கவலையே. ஆயினும் இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடையளிப்பது, "புத்தகம் நல்லதா, கெட்டதா?" என்பதற்கு ஒரே சொல்லில் விடையளிப்பதைப் போன்றதாகும். எந்தப் புத்தகம் என்று கேட்பதே அறிவுடைமை. விளையாட்டையும் அவ்வாறே கேட்க வேண்டும்: இவ்விளையாட்டு என் பிள்ளையின் உள்ளத்தில் எந்தப் பசியைத் தூண்டுகிறது? அறிய வேண்டும் என்னும் பசியையா, அல்லது பெற வேண்டும் என்னும் பசியையா?

இவ்விரண்டையும் பிரித்தறிய, ஆவலைத் தூண்டும் விளையாட்டுகளை உருவாக்குவோர் அதனை எவ்வாறு செய்கின்றனர் என்பதை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

ஆவல் பிறக்கும் இடம்

ஒன்றும் தெரியாத இடத்தில் ஆவல் பிறப்பதில்லை. எல்லாம் தெரிந்த இடத்திலும் பிறப்பதில்லை. பாதி தெரிந்து, மீதி தெரியாமல் நிற்கும் இடத்திலேதான் அது முளைக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், நாம் அறிந்ததற்கும் அறிய விரும்புவதற்கும் இடையேயுள்ள இடைவெளியே ஆவலின் பிறப்பிடம் என்று விளக்கினார். 2009இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தோர் 40 பொது அறிவு வினாக்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். விடையைப் பற்றி ஏதும் அறியாத வினாக்களிலும், விடை உறுதியாகத் தெரிந்த வினாக்களிலும் மக்களுக்கு ஆவல் குறைவாகவே இருந்தது. தெரிந்தும் தெரியாமலும் இருந்த வினாக்களிலேதான் அது மிகுந்து நின்றது. ஆவலோடு கேட்டறிந்த விடைகள் பின்னரும் நன்றாக நினைவில் நின்றன என்பதையும் அவர்கள் கண்டனர்.

இவ்வுண்மையை நம் பாட்டிமார் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் செல்லாமலே அறிந்திருந்தனர். விடுகதை என்பது வேறென்ன? ஒரு பொருளின் அடையாளங்கள் சிலவற்றைச் சொல்லி, பெயரை மட்டும் மறைத்து வைப்பது. அடையாளமே சொல்லாவிட்டால் குழந்தை எழுந்து போய்விடும். பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அது விடுகதையாகாது. மணலை நீளக் குவித்து, அதற்குள் சிறு குச்சியை ஒளித்து வைத்து ஆடும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளமும் அத்தகையதே. குச்சி இம்மணலுக்குள்தான் இருக்கிறது என்பது திண்ணம். எவ்விடத்தில் என்பதுதான் தெரியாது. அவ்வளவு போதும், குழந்தையின் இரு கைகளும் மணலின் மேல் கோத்து நிற்கும்.

குகையில் பிறந்த விளையாட்டு

வீடியோ விளையாட்டு உலகில் இக்கலையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜப்பானியரான ஷிகெரு மியாமோட்டோ. 1952ஆம் ஆண்டு கியோட்டோ நகருக்கு அண்மையிலுள்ள சோனோபே என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவரது சிறு வயதில் ஊரைச் சுற்றியிருந்த காடும் குன்றும் ஓடையுமே விளையாட்டுத் திடலாயின. ஒரு நாள் எவ்வித வரைபடமும் இன்றி நடந்து சென்றபோது எதிர்பாராமல் ஓர் ஏரியைக் கண்டு வியந்ததையும், குகை ஒன்றைக் கண்டு முதலில் தயங்கி, பின்னர் விளக்கோடு உள்ளே நுழைந்ததையும் அவர் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த வியப்பையும் அந்தத் தயக்கத்தையும் பிற குழந்தைகளுக்கும் தர விரும்பியே, நின்டெண்டோ நிறுவனத்தில் தம் குழுவினரோடு "செல்டா" என்னும் விளையாட்டை உருவாக்கினார். அது 1986ஆம் ஆண்டு வெளிவந்தது.

அவ்விளையாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். வீரன் ஒருவன் வாளின்றி வெட்டவெளியில் நிற்கிறான். "இங்கே செல், இதைச் செய்" என்ற கட்டளை ஏதுமில்லை. பாதைகள் பிரிந்து செல்கின்றன. அருகே பாறையில் கரிய குகைவாயில் ஒன்று மட்டும் தெரிகிறது. அதனுள் நுழைபவனுக்கு ஒரு முதியவர் வாள் ஒன்றைத் தருகிறார். "இருண்ட இடத்தில் எட்டிப் பார்த்தால் பயனுண்டு" என்னும் பாடத்தைக் குழந்தை இவ்வாறு முதல் நிமிடத்திலேயே சொற்களின்றிக் கற்றுக்கொள்கிறது.

இதன் பின்னணியில் ஒரு செய்தி உண்டு. முதலில் வீரன் கையில் வாளோடுதான் தொடங்கினான். சோதனையாக ஆடிப் பார்த்தவர்கள், அடுத்து என்ன செய்வது என்று அறியாமல் திகைத்தனர். வேறொருவராயின் வழிகாட்டிக் குறிப்புகளை ஏராளமாகச் சேர்த்திருப்பார். மியாமோட்டோவோ கையிலிருந்த வாளையும் எடுத்துவிட்டார்! அப்போதுதான் சிறுவர் ஒருவரையொருவர் கேட்பர், கண்டறிந்ததை நண்பரோடு பகிர்ந்துகொள்வர் என்று அவர் கருதினார். அவ்வாறே நிகழ்ந்தது. ஆவல் ஒருவரைத் தனிமைப்படுத்துவதில்லை, "நீ கண்டாயா?" என்று அடுத்தவரை நாடச் செய்கிறது என்பதற்கு இது சான்று.

தேடுவோருக்கு உண்மையிலேயே ஏதேனும் கிடைக்க வேண்டும் என்பதும் இக்கலையின் விதிகளுள் ஒன்று. அட்டாரி நிறுவனம் 1980இல் வெளியிட்ட "அட்வென்ச்சர்" என்னும் விளையாட்டை உருவாக்கியவர் வாரன் ராபினெட். உருவாக்கியவரின் பெயரை வெளியிடும் வழக்கம் அந்நாளில் அந்நிறுவனத்தில் இல்லை. எனவே அவர் யாரிடமும் சொல்லாமல் விளையாட்டுக்குள் ஓர் இரகசிய அறையைக் கட்டி, தம் பெயரை அதில் எழுதி வைத்தார். கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு சாம்பல் நிறப் புள்ளியைக் கண்டெடுத்துச் சென்றாலன்றி அவ்வறைக்குள் நுழைய முடியாது. அதனைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியவன் ஒரு சிறுவன்! நிறுவனத்தார் அதனை நீக்காமல் விட்டுவிட்டனர். ஈஸ்டர் நாளில் மேலை நாட்டுக் குழந்தைகள் தோட்டத்தில் ஒளித்து வைத்த முட்டைகளைத் தேடுவதை ஒப்பிட்டு, இத்தகைய மறைபொருள்களுக்கு "ஈஸ்டர் முட்டை" என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மலை கற்றுத் தரும் விதி

செல்டா வரிசையில் 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த விளையாட்டை உருவாக்கியபோது, அக்குழுவினர் ஓர் இடரைச் சந்தித்தனர். பரந்த நிலப்பரப்பில் உயர்ந்த கோபுரங்களை அமைத்து, ஆடுவோர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுமாறு முதலில் திட்டமிட்டனர். சோதித்துப் பார்த்தவர்களோ, தாங்கள் ஒரே கோட்டில் இழுத்துச் செல்லப்படுவதாக உணர்ந்தனர். நிலம் பரந்து கிடந்தும் மனம் அதில் உலவவில்லை.

அவர்கள் கண்ட தீர்வு எளியது. நிலமெங்கும் முக்கோண வடிவங்களை, அதாவது குன்றுகளையும் பாறைகளையும் மலைகளையும், சிறிதும் பெரிதுமாகப் பரப்பினர். முக்கோணம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, தனக்குப் பின்னால் இருப்பதை மறைக்கிறது. இரண்டாவது, ஏறிச் செல்வதா, சுற்றிச் செல்வதா என்ற தேர்வை அளிக்கிறது. ஏறினால் உச்சியிலிருந்து தொலைவிலுள்ள ஒன்று தென்படும். சுற்றினால் மறைந்திருந்தது மெல்ல மெல்ல வெளிப்படும். எவ்வழியாயினும், "அதோ அது என்ன?" என்னும் கேள்வி எழுந்துகொண்டே இருக்கும். அவ்வாண்டிலேயே ஜப்பானில் நடைபெற்ற விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இம்முறையை அவர்கள் வெளிப்படையாக விளக்கினர். தங்கள் விளையாட்டு நிலத்தின் அளவைத் தீர்மானிக்க, தாங்கள் அன்றாடம் நடந்து பழகிய கியோட்டோ நகரின் வரைபடத்தையே அளவுகோலாகக் கொண்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இவ்விதியை அறிய நாம் ஜப்பானுக்குச் செல்ல வேண்டுவதில்லை. கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு சரிவு முன்வந்து அடுத்ததை மறைக்கும்; வளைவைக் கடந்தவுடன் வேறொரு முகட்டைக் காட்டும். பெரியார் அருவி சாலைக்கு அருகிலேயே நம்மை எதிர்கொள்ளும். மேகம் அருவியோ நடந்து வருவோருக்கே தன்னைக் காட்டும். சேலம் மாவட்டத்தின் பக்கமும் பரந்து கிடக்கும் இம்மலைத்தொடரில் தமிழ் பேசி வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். "இவர்கள் கேரளத்திலிருந்து வந்தவர்களா?" என்று கேட்கும் பிள்ளைக்கு, "இல்லை, மலையில் வாழ்வதால் வந்த பெயர்" என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி தானே வரும். சாமையும் தினையும் மரவள்ளியும் பலாவும் கடுக்காயும் விளையும் அம்மலையில், வழியையும் பருவத்தையும் மரத்தின் குணத்தையும் அறிந்த முதியோர் ஒவ்வொருவரும், விளையாட்டின் குகையில் வீற்றிருக்கும் அம்முதியவரை ஒத்தவரே. அவர்களிடம் நின்று கேட்பவர்க்கே அவ்வறிவு கிட்டும்.

கிழிந்த ஏட்டின் பயன்

தமிழர் உருவாக்கிய விளையாட்டு ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் "வெண்பா" என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதன் கதை 1980களில் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் வாழ்க்கையே கதை. அதில் சண்டையில்லை, ஓட்டமில்லை. சமையல்தான் ஆட்டம்!

வெண்பாவின் தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. சில பகுதிகள் படிக்க முடியாதபடி அழிந்துள்ளன. எஞ்சியதைக் கொண்டு விடுபட்டதை ஆடுபவர் தாமே ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எங்கும் பரவும்? எதனை முதலில் இடுவது, எதனைப் பின்னர் இடுவது? தவறினால் பெருந்தண்டனை ஏதுமில்லை, மீண்டும் முயலலாம். இட்லியைக் கண்டே இராத அயல்நாட்டார் ஆயிரக்கணக்கில் இதனை ஆடி, நம் அடுக்களையின் நுட்பத்தைத் தாமே சிந்தித்துக் கண்டறிந்தனர். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, முதற்படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது.

குறிப்பேடு முழுமையாக இருந்திருந்தால் இது வெறும் சமையற்பாடமாக முடிந்திருக்கும். ஏட்டின் கிழிந்த பகுதியே ஆடுபவரின் அறிவுக்கு இடமளித்தது. தவற்றுக்கு அஞ்ச வேண்டாத நிலையே அவரை முயலச் செய்தது. இவ்விரண்டும் வீட்டிலும் பள்ளியிலும் நாம் மறந்துவிடும் பாடங்களல்லவா?

மற்றொரு பசி

இனி, நாணயத்தின் மறுபக்கத்தையும் காண வேண்டும். நம் பிள்ளைகளின் கைபேசியில் உள்ள விளையாட்டுகளுள் பெரும்பாலானவை மேற்சொன்ன வகையைச் சேர்ந்தவையல்ல. வெண்பா போன்ற விளையாட்டு ஒரு முறை விலைக்கு விற்கப்படுவது; ஓரிரு மணி நேரத்தில் கதை முடிந்து, ஆடுபவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். "இலவசம்" என்று வரும் விளையாட்டுகளோ விளம்பரத்தாலும் உள்ளே விற்கும் பொருள்களாலும் பிழைப்பவை. பிள்ளை மீண்டும் மீண்டும் வந்தால்தான் அவற்றுக்கு வருவாய். ஆகவே முடிவு என்பதே அவற்றில் கிடையாது. இன்று வந்தால் ஒரு பரிசு, நாளை வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் தவறினால் சேர்த்ததெல்லாம் போயிற்று என்று அவை கணக்கு வைக்கின்றன.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்லும் முறையும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் ஆவலைத் தூண்டுவது போன்றே தோன்றும். ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். குகைக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தன் அறிவாலும் முயற்சியாலும் குழந்தை கண்டறிகிறது. பெட்டிக்குள் இருப்பதை அறிய அறிவு எதற்கும் பயன்படாது. காசும் அதிர்ஷ்டமுமே வேண்டும். இது சூதாட்டமே என்று 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் முடிவு செய்தது. நம் நாட்டிலும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறைவேற்றியது. விளையாட்டின் மீது கட்டுப்பாட்டை இழந்து, அதனால் வாழ்வே குலையும் நிலையை உலகச் சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது.

அறியும் பசி நிறைவடைந்த பின் அமைதி தரும். பின்னர் வேறொன்றை அறியத் தூண்டும். பெறும் பசியோ பெற்றவுடன் இன்னும் கேட்கும். விளையாட்டை நிறுத்தச் சொன்னவுடன் பிள்ளை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை மட்டும் கொண்டு அதனை எடை போட்டுவிடாதீர்கள். நல்ல கதைப்புத்தகத்தைப் பறித்தாலும் பிள்ளை சிணுங்கத்தான் செய்யும். விளையாடி முடித்த பின் அது என்ன பேசுகிறது என்பதைக் கேளுங்கள். "அந்தக் குகைக்குள்ளே ஒரு வழி இருக்கும்மா, தெரியுமா?" என்று சொல்லுமாயின் அதன் அறிவு விழித்திருக்கிறது. "இன்னும் ஐம்பது ரூபாய் போட்டுத் தாம்மா" என்பதே பேச்சாயின், அவ்விளையாட்டு பிள்ளையை வளர்க்கவில்லை; பிள்ளையை விற்கிறது.

நம் இல்லங்களில்

விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. ஏனெனில் குழந்தையின் ஆவலைத் தூண்டவும் அணைக்கவும் வல்லவர்களுள் முதல்வர் பெற்றோரே. 2011இல் அமெரிக்காவில் சின்னஞ்சிறு குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு வெளிவந்தது. குழாய்களால் ஆன புதுமையான பொம்மை ஒன்று. அதில் நான்கு வேடிக்கைகள் ஒளிந்திருந்தன. சில குழந்தைகளிடம் பெரியவர் ஒருவர், "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒரு வேடிக்கையை முறையாகக் கற்பித்தார். வேறு சில குழந்தைகள் முன்னிலையில், அதே வேடிக்கையைத் தற்செயலாகக் கண்டவர்போல் காட்டிக்கொண்டார். கற்பிக்கப்பட்ட குழந்தைகள் அந்த ஒன்றையே செய்து, விரைவில் பொம்மையைக் கீழே வைத்துவிட்டனர். மற்றவர்களோ நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்து, மறைந்திருந்த பிறவற்றையும் கண்டறிந்தனர். முதற்குழுவினர் மந்தமானவர்கள் அல்லர். சொல்லித்தர வேண்டியதைப் பெரியவர் சொல்லிவிட்டார், இதற்குமேல் ஒன்றுமில்லை என்று நியாயமாகவே எண்ணிக்கொண்டனர்.

கற்பித்தலே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. நெருப்பு சுடும் என்பதைச் சொல்லித்தான் தர வேண்டும். சிறுவரைத் தனியே காட்டுக்கோ அருவிக்கோ அனுப்புவதும் கூடாது. ஆனால் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடும் அவசரத்தைச் சற்றே அடக்கிக்கொள்ளலாம். பிள்ளை கேட்டவுடன் விடையைச் சொல்வதற்கு முன், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். இட்லி ஊற்றும்போது அருகில் நிறுத்தி, தட்டில் ஏன் துளைகள் இருக்கின்றன என்று வினவலாம். கைபேசியில் அது ஆடுவதைத் தொலைவில் நின்று கடிந்துகொள்வதை விடுத்து, பத்து நிமிடம் அருகமர்ந்து பார்க்கலாம். எந்தப் பசி அங்கே தூண்டப்படுகிறது என்பது தானே விளங்கிவிடும்.

சோனோபே குன்றுகளில் அலையாத சிறுவன் ஒருவனால் செல்டாவை உருவாக்கியிருக்க இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். அடுக்களையில் தாயின் அருகே நில்லாத பிள்ளைகளால் வெண்பாவை உருவாக்கியிருக்க இயலுமா? பிறர் கண்ட குகைகளையே திரையில் கண்டுகொண்டிருக்கும் பிள்ளை, எவ்வளவு திறமையாக ஆடினாலும், பிறருக்குக் காட்டத் தனக்கென ஒரு குகை இல்லாத பிள்ளையே. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுள் கணினியில் தேர்ச்சி பெற்று வருவோர் பலர். அவர்களுள் ஒருவர் நாளை ஒரு விளையாட்டை உருவாக்க அமர்ந்தால், அதில் வைப்பதற்கு அவர் மனத்தில் ஒரு மலை வேண்டும். அம்மலையில் அவர் தாமே கண்டறிந்த ஒரு வளைவும், ஒரு சுனையும், ஒரு முதியவரின் சொல்லும் வேண்டும்.

ஆகவே, வரும் விடுமுறையில் ஒரு நாள் குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குச் சென்று வாருங்கள். முன்கூட்டியே படங்களைக் கைபேசியில் காட்டிவிடாதீர்கள். சாலை பிரியும் ஓரிடத்திலேனும், பாதுகாப்பான வழியாயின், எப்பக்கம் செல்வது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அது தேர்ந்த வழியில் ஒன்றும் இல்லாமற் போனாலும் குறையில்லை. திரும்பி வரும்போது, "அந்த இன்னொரு பாதை எங்கே போகும்?" என்று அது கேட்டால், சென்று வந்த செலவுக்கு அதுவே போதும்.